பாலம் தூக்கியிருக்கும்போது

பிரேக்கை மிதித்து நின்றதும் கார் செத்துப்போகிறது.
வாங்கிய முதல் வாரம் பதறிப்போய்
மூன்று முறை சாவியைத் திருகினேன்.
"சாகவில்லை, சிக்கனம் பிடிக்கிறது"
என்றான் பட்டறை ஹார்மென்.
வேண்டாமென்றால் ஒரு பொத்தான் இருக்கிறது,
வட்டமடிக்கும் அம்புக்குள் ஓர் 'ஏ'.
அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் மட்டும்
சொன்னதெல்லாம் மறந்துபோகும் அதற்கு.

நான் அமுக்கியதில்லை.
ஒரு நாளைக்குப் பதினொரு வீடு.
ஊசி, புண்கட்டு, வீங்கிய காலுக்கு இறுக்கக் காலுறை.
ஸ்னேக்கில் எந்தத் தெருவில் திரும்பினாலும்
ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு பாலம்.
தூக்கினால் நிற்க வேண்டியதுதான்,
நிற்கும்போதாவது பெட்ரோல் மிச்சம்.

பதினொன்றாவது வீட்டில்
ஆஸ்பத்திரி போதுமென்று வந்து படுத்தார் வீப்ரன்.
நாற்பது வருஷம் மணல் படகு ஓட்டியவர்.
"நான் வந்தால் ஊரே நிற்கும்,
மேயர் கார் உட்பட" என்பார்.
சிரித்தால் இருமல் வரும். சிரிப்பார்.

கடைசி வாரம் மூச்சு
ஆழமாகும், வேகமாகும், மெலியும்,
நிற்கும்.
மகள் ஹில்ட்யே என்னைப் பார்ப்பாள்,
நான் கடிகாரத்தை.
பன்னிரண்டு. பதினேழு. இருபத்திரண்டு.
பிறகு எங்கிருந்தோ ஓர் இழுப்பு,
மார்பு மறுபடி வேலைக்கு வரும்.
இது இப்படித்தான் இருக்கும் என்று
எனக்குச் சொல்லிக்கொடுத்ததை
அவளுக்கும் அப்படியே சொன்னேன்.

அந்த வாரம்தான் அமுக்க ஆரம்பித்தேன்.
ஒவ்வொரு வீட்டு வாசலிலும்
பெல்ட்டுக்கு முன்னால் பொத்தான்.
ஒருமுறை மறந்து, சிவப்பு விளக்கில் என்ஜின் அடங்க,
உதடு தானாக எண்ணத் தொடங்கியது.
கை ஸ்டியரிங்கில் நாடி தேடியது.

வியாழன் விடியலில் நாற்பதோடு நிறுத்தினேன்.
ஹில்ட்யே இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்று பாலம் தூக்கியிருக்கிறது.
பொத்தானை மறந்துவிட்டேன்,
மறந்தேனா, தெரியவில்லை.
முன்னால் ஏழு கார்கள் ஒவ்வொன்றாய் அடங்குகின்றன,
பின்னால் ஒரு பழைய டீசல் மட்டும்
யார் பேச்சும் கேளாமல் உறுமுகிறது.
மணல் படகொன்று, யாருடையதோ,
சுவரை உரசாமல் போகிறது.
அதன் பின்னாலேயே ஒரு பாய்மரப் படகு.
பாலக்காரன் தூண்டில் கோலில் கட்டிய மரச்செருப்பை
அதை நோக்கி நீட்டுகிறான்.
உள்ளே காசு விழுவது
டீசலையும் மீறிக் கேட்கிறது.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

பாலம் இறங்கிவிட்டது, முன்னால் தெரு காலி.
டீசல்காரன் ஹாரன் அடிக்கிறான்.
பாதத்தை எடுத்தால் போதும், கிளம்பிவிடும்,
எனக்கா தெரியாது.
பொறு, ஐயா.
இன்னும் ஓர் எண்.