பின்னால் தொங்குவது

சாட்ஸ்வொர்த்தில் என் கராஜ் கதவைப்
பாதி இறக்கினால் ஒரு சாம்பல் கடல்,
இரும்பு அலை, செலவு இல்லை.
இடது மூலையில் மட்டும் யாரையும் நிறுத்துவதில்லை:
துரு, காதோரம் ரத்தம் போல விழும்.

குளியலறைத் திரை ஒன்று, அறுபது ராண்ட்.
அதில் மீன்கள் இருந்தன.
கறுப்புச் சாயம் பூசி மூழ்கடித்தேன்.

லோட்-ஷெடிங் இரவில்தான் வந்து சேர்ந்தாள்
மெட்ரிக் டான்ஸ் உடுப்போடு திலோஷ்னி,
புருவம் வரைந்த களைப்பில் அழப்போகும் முகம்.
பழைய டொயோட்டாவின் விளக்கைப் போட்டு
எதிரே பால் க்ரேட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
சுவரெங்கும் சதுரம் சதுரமாய் வெளிச்சம்.
எந்த ஹோட்டல் இது ஆண்ட்டி என்று
படத்தைப் பார்த்தவர்கள் கேட்டார்களாம்.
பேட்டரி செத்துப்போனதை
அவள் அப்பாவின் கணக்கில் சேர்த்தேன்.

காவல்காரர் மண்ட்லாவுக்குத் திரையே வேண்டாம்.
பக்கத்து வீட்டு வேலியோரம்
ஒரு கதவு அகலத்துக்குச் சோளம் நின்றது.
மண்டியிட்டுக் கீழிருந்து எடுத்தேன்: நூறு ஏக்கர்.
"யாருடைய பண்ணை என்று அம்மா கேட்பாளே"
என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பைத்தான் பிறகு எடுத்தேன்.

ஆனால் அதிகம் உழைப்பது அந்தப் படுக்கை விரிப்பு.
வக்கீலின் பட்டியலில் பிரிட்ஜ் இருந்தது,
ப்ராய் அடுப்பு இருந்தது,
நாலு நாற்காலி, இரண்டு உனக்கு, இரண்டு எனக்கு.
விரிப்பை யாரும் எழுதவில்லை.
ரூய்பாஸ் தேயிலையில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன்.
திட்டுத் திட்டாய்ப் பழுப்பு, பழைய ஓவியத்தின் தோல்.
அறுபது எழுபது முகங்கள்
அதன்முன் அழகாகிப் போயின.

வலது பக்கம் ஒரு சிகரெட் ஓட்டை.
எப்போதும் யாராவது ஒருவரின்
தோளையோ கொண்டையையோ அதன்மேல் வைப்பேன்.
ஒருமுறை மறந்துவிட்டேன்.
அவன் அக்கா ரூபவதி
ஃபேஸ்புக்கில் ஓட்டையை அடையாளம் கண்டாள்.

தவநேசன் போன் செய்தான்:
"என் பெட்ஷீட் முன்னால் ஊரே நிற்கிறதாம்?"
"நிற்கத்தானே செய்கிறார்கள்" என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவன்தான் முதலில் சிரித்தான்,
அல்லது இருமினான்.

சனிக்கிழமை நேரிலேயே வந்தான்.
ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் ஏதோ வேலை,
விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும்.
"பாதி விலைதானே, துணியில் பாதி என்னுடையது."
"லென்ஸில் உன் பங்கு இல்லை" என்றேன்.

போய் நின்றான்.
எல்லோரையும் போல முதுகு துணியில் பட,
சுவரோடு சுவராய்.
திரையில் அத்தனை மடிப்பும் தெரிந்தது,
கறை தெரிந்தது,
ஓட்டை அவன் கழுத்துக்குப் பக்கத்தில்
ஒரு கேள்வி போலத் தெரிந்தது.

"மூன்று எட்டு முன்னால் வா."

வந்தான்.
இன்னும் அரை எட்டு என்றேன், வந்தான்.
துணி பின்னால் தங்கிவிட்டது.
மடிப்பும் தேநீரும் ஓட்டையும் கலங்கி
ஒரே மர நிற வெளிச்சம்.
அதன்முன் ஒரு மனிதன், கண்களுக்குக் கீழே களைப்பு,
வேலை கேட்டு வந்தவன்.
நல்ல படம். சொல்லவில்லை.

குனிந்து கேமராவைப் பார்த்துக் கேட்டான்:
"இஸ்திரி போட்டிருக்கிறாயா?"
"இல்லை."

பத்து ராண்ட் குறைவாகக் கொடுத்தான்.
கேட் சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் எண்ணினேன்.

எட்டுக் கிளிப்பையும் கழற்றி
விரிப்பை மடிக்காமல் சுருட்டினேன்.
நாளைக்கு நாயுடு குடும்பம், பதினொரு பேர்,
அதில் ஒரு சக்கர நாற்காலி.
இந்த அகலம் போதாது.
மலிவாக இன்னொன்று வாங்கி
இதனோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.