ஐம்பது ஹெர்ட்ஸ்

லோரோங் கூலிட் சந்தையில்
ரைஸ் குக்கருக்கும் ஜோடியில்லாத ஒரு ஸ்கேட்டிங் ஷூவுக்கும் நடுவே
கிடந்தது.
பதினாறு பொத்தான், ஒன்பது குமிழ்.
ஒன்பதில் ஒன்று தொலைந்து
தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.
அதுவும் சுருதிக் குமிழ்.
வேலை செய்யுமா என்றேன்.
"லைட் எரியும்" என்றார் சுவா.
நூற்றெண்பது கேட்டு
நூற்றுப்பத்துக்கு இறங்கினார்.
ஒயர் என் செலவு.

திலகன் சிரித்தான்.
அவன் மடிக்கணினிக்குள் இதைப்போல நானூறு உண்டாம்.
ஒன்றுக்கும் தூசு தட்ட வேண்டாம்.
தப்பாகிப் போனால் ஓர் அடி பின்னால் போகலாம்,
இன்னோர் அடி, இன்னும் ஓர் அடி,
தப்பே நடக்காத காலம் வரைக்கும்.

திலகா,
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
நான் பார்ப்பது திரைதான்.
நாற்பது மடங்கு பெரிதான ஈயப் பொட்டுகள்.
சரி. சரி. சரி. தள்ளு. சரி.
கையுறைக்குள் விரல்கள் வேர்த்து ஊறிக் கிடக்கும்.
வீட்டுக்கு வந்ததும் அவற்றுக்கு
எதையாவது திருக வேண்டும்.
வேறு கொள்கையெல்லாம் எனக்குக் கிடையாது.

முதல் ராத்திரி இசை வரவில்லை.
உம் என்று ஒரு சத்தம்,
எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும்
உம்.
பிளக்கை மாற்றினேன். எர்த் பார்த்தேன்.
ஃபிரிட்ஜை அணைத்தேன், கொஞ்சம் அடங்கியது.
அடங்கிய பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம்
மக்சிக் ரொஹானாவின் ஃபிரிட்ஜ் கேட்டது.
அப்புறம் லிப்ட் மோட்டார்,
கீழே கேட்டோரம் டிஎன்பி பெட்டி,
நடைபாதைக் குழல்விளக்கு மட்டும் மேல் ஸ்தாயியில்.
எல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே சுருதி.

பெர்லிஸிலிருந்து ஜோகூர் வரை
ஒரு தம்புரா.
விரல் வைத்தவர் யாருமில்லை,
மாதக் கடைசியில் பில் மட்டும் வருகிறது.

அதற்கப்புறம் உம்மை நான் விரட்டவில்லை.
ஈரத்துணி சுற்றிய இடுக்கியால் தண்டைப் பிடித்து
இயந்திரத்தை அதனருகே கொண்டுபோனேன்.
சேரும் முன் இரண்டும் முட்டிக்கொள்ளும்.
வவ்வவ்வவ்
வவ் வவ்
வவ்
பிறகு நீளமாக ஒரே மூச்சு.

ஐந்து மணி மழையில் அறை குளிர்ந்தால் விலகிவிடும்.
பக்கத்தில் சோறு கொதித்தாலும் விலகும்.
"கோளாறு" என்றான் திலகன்.
கோளாறுதான்.
ஒயரை உருவிவிட்டால் பாட்டு போயிற்று.
குமிழ்கள் நின்ற கோணங்களைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்,
நாற்பது ஐம்பது படம்.
அப்படியே திருப்பி வைத்தாலும்
நேற்று வரவில்லை, வேறு ஏதோ வந்தது.
அதுவும் மோசமில்லை.

போன வியாழன் ராத்திரி
ஓர் இடியில் ரெலாவ் முழுக்க இருட்டு.
மூன்று வாரமாகக் கோத்த பதினாறு அடி
பதினோராவது அடியில் நின்று அழிந்தது.
திட்ட வாயெடுத்தேன்.
ஃபிரிட்ஜ் இல்லை. லிப்ட் இல்லை. பெட்டி இல்லை.
முப்பத்தொரு வயதில்
சுருதி போடாத பினாங்கை
அன்றைக்குத்தான் கேட்கிறேன்.
யாரோ படியிறங்கும் செருப்புச் சத்தம்,
மழை,
அதற்குள்ளே எங்கோ மெல்லிசாக உம்.

என் தொண்டைதான்.
அவ்வளவு கீழே எட்டாமல்
இரண்டு ஸ்தாயி மேலே,
எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாமல்.

இருபது நிமிஷம் கழித்து மின்சாரம் வந்தது.
ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி எழுந்தது.
நான் மயிரிழை கீழே இருந்தேன்.
ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.
இடுக்கியை எடுத்து
இயந்திரத்தை என் பக்கம் இறக்கினேன்.
வவ்
வவ்
என்று அறை முழுக்க ஆரம்பித்தது.
மக்சிக் ரொஹானா சுவரைத் தட்டினார்,
அதுவும் தாளத்தில் இல்லை.