இரண்டாம் கொம்பு

எனக்கு இசை தெரியாது. மெழுகுவர்த்தி தெரியும்.
கூடத்தில் நாற்பது வர்த்தி; ஒரு சிம்பொனிக்கு
ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை தேயும்.
மெதுவான பகுதியை மறுபடி கேட்பார் கோமகன்.
இன்னொரு அரை விரற்கடை.
மிச்சக் கட்டைகளை வயலின்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்;
அது சம்பளத்தில் சேர்த்தி.

மொராவியாவில், மலையடி அரண்மனையில்,
இருபத்தாறு வருஷம் பேரேடு எழுதினேன்.
வேட்டை நாய்களுக்கு ஒரு பக்கம்,
திருப்பினால் இசைக்குழு.
கோதுமை, விறகு, வருஷத்துக்கு ஒரு நீலச் சீருடை.
செத்துப்போனால் வெள்ளிப் பித்தான்களைத்
திருப்பித் தந்துவிட வேண்டும்.

மாத்தோஷ் ஸெலின்கா, பண்ணையடிமை மகன்.
காலையில் சவரத்துக்கு வெந்நீர், பகலில் பரிமாறல்,
இரவில் இரண்டாம் கொம்பு.
கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு அவன் கொடுத்த மனு
மூன்று வருஷம் என் மேசையில் கிடந்தது.
கோமகனின் மனநிலை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள்.

வேட்டையில் ஒரு குதிரை உதைத்தது.
முன்பல் நான்கு.
பல்லில்லாத வாயில் கொம்பு நிற்காது என்றார் இசைத்தலைவர்.
பதினேழாம் பக்கத்தில் பெயரை அடித்து
முப்பத்தொன்றில் எழுதினேன்:
கணப்பு மூட்டுபவன்.

எங்கள் கணப்புகளுக்கு வாய் பின்பக்கம்.
சீமான்கள் கண்ணில் கரி படாமல்
சுவருக்குள் ஓடும் இருட்டு நடையில் நின்று
விறகு தள்ள வேண்டும்.
ஒரு கச்சேரி இரவில் கட்டை எண்ணப் போனேன்.
கணப்புக்கும் சுவருக்கும் நடுவே கையகல இடைவெளி;
அதில் காதை வைத்துக் குந்தியிருந்தான்.
கன்னம் வெந்து சிவந்திருந்தது.
அந்தப் பக்கம் அவன் கொம்பை வேறொருவன் ஊதினான்.
இவன் வலது கை காற்றில் குவிந்து, திறந்து, மூடியது.
'முந்துகிறான்,' என்றான், என்னிடமல்ல.
அடுப்புக் கதவு திறந்தே இருந்து
இரண்டு கட்டை வீண்.
அதை நான் எழுதவில்லை.

கோமகன் போனார். மகனுக்குக் கடன், கூடவே சண்டை.
ஒரே மாதத்தில் இசைக்குழுவைக் கலைத்தார்.
நாய்கள் இருந்தன.

ரொம்ப நாள் கழித்து வியன்னாவில் ஒரு சீட்டு வாங்கினேன்.
காசு கொடுத்தால் யாரும் உட்காரலாமாம்.
இந்தப் பக்கம் சோப்பு வியாபாரி,
அந்தப் பக்கம் ஒரு நோட்டரியின் மனைவி.
யாரும் தின்னவில்லை, சீட்டாடவில்லை.
ஒருவன் இருமியதற்கு நாலு பேர் திரும்பி முறைத்தார்கள்.
பூசையில்கூட நாங்கள் இப்படி வாய்மூடி இருந்ததில்லை.
வாசித்தவர்கள் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. சொந்தக் கோட்டு.
பித்தானை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.
குளிர்காலத்துக்கு விறகும் யாரும் தரமாட்டார்கள்.
மேலே எண்ணெய் விளக்குகள்;
எவ்வளவு எரிந்தது என்று எப்படி அளப்பது?

கொம்புகள் வந்தன.
என் காது மேடையை விட்டுச் சுவர்ப்பக்கம் போயிற்று.
மடிமேல் என் கை
குவிந்து திறந்ததை நோட்டரியின் மனைவி பார்த்துவிட்டாள்.
'வாசிப்பீர்களா?' என்றாள் மெதுவாக.

'விறகுக் கணக்கு,' என்றேன்.
நாலு பேர் திரும்பினார்கள்.