ரஸாவுக்கு இப்போது ஒன்பது வயது

"எத்தனை வயசுக் குழந்தைக்கு?"
நூலகத்தில் அன்று கேட்டது அவ்வளவுதான்.
நாற்பத்தாறு என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு பின்வாங்கிவிட்டது.
நாலு, என்றேன். பெண்.
பெயர்?
ஜன்னலில் பனித்துளி வழிந்துகொண்டிருந்தது.
எங்கள் லாத்விய மொழியில் அதற்கு ரஸா என்று பெயர்.
அந்தப் பெயரில் பெண்களும் உண்டு.
விஸ்மா அட்டையில் எழுதிக்கொண்டாள்.

இப்படித்தான் எனக்கு ஒரு மகள் பிறந்தாள்,
லியெபாயா நகரில், ஒரு பிப்ரவரி வியாழனன்று,
நான்கு வயதோடு.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
ஊருக்கு ஒரே தடம். போகும், திரும்பி வரும்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் நிற்க வேண்டும்.
மற்றவர்கள் இறங்கிப் புகைப்பார்கள்.
நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு
ரஸாவின் புத்தகத்தை மடியில் விரிப்பேன்.

கதைக்காக இல்லை, அது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
நரியின் வால் பக்கத்தோடு முடியாமல்
அடுத்த பக்கத்துச் சமையலறையில் நீண்டு கிடப்பதற்காக.
நடுமடிப்பு கரடியின் மூக்கை விழுங்கியதற்காக
(அச்சகத்தில் யாரோ திட்டு வாங்கியிருப்பார்கள்).
நீலத்தில் தண்ணீர் கூடிப்போய்
வானம் கூரைமேல் கசிந்திருந்தது ஒரு படத்தில்.
ஒற்றி எடுத்திருக்கலாம். வரைந்தவள் விட்டுவிட்டாள்.
அந்தக் கசிவால்தான் அந்த வீட்டில் சாயங்காலம் ஆகியிருந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் தபால்காரன் கோட்டில் நான்கு பொத்தான்.
பத்தாம் பக்கத்தில் மூன்று.
எங்கே விழுந்தது?
ஒரு வாரம் தேடினேன், போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம்.
பதினாலில் இருந்தது, காக்கைக் கூட்டில்,
முட்டைகளோடு முட்டையாக.
கதையில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அன்று மாலை ஏறியவர்கள் எல்லோருடைய கோட்டையும்
கண்ணாடியில் எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

பொய்க்கும் உயரம் கூடும் என்று எனக்குத் தெரியாது.
விஸ்மா வயதை மறப்பதில்லை.
ஐந்து என்றாள், ஆறு என்றாள், அலமாரி மாற்றினாள்.
பல் விழுந்ததா என்று கேட்டாள். விழுந்தது, முன்பல்.
பள்ளிக்கூடம் பிடிக்கிறதா? கணக்கு மட்டும் வராது.
ஒரு குளிர்காலம் அம்மை போட்டது;
இருமல் எனக்குத்தான் இருந்தது, ஏதாவது சொல்லவேண்டுமே.

இந்த பிப்ரவரியில் தடித்த புத்தகம் ஒன்றை நகர்த்தினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அத்தியாயத் தலைப்பில் மட்டும்
கட்டைவிரல் நகத்தளவு ஒரு கப்பல். எல்லா அத்தியாயத்துக்கும் அதே கப்பல்.
"ரஸாவுக்கு இனிமேல் இதெல்லாம்தான்."

மூன்று வாரம் அது என் ரொட்டி டப்பாவின் கீழே கிடந்தது.

திருப்பிக் கொடுத்தபோது, பிடித்ததா என்றாள்.
அவளுக்குப் படம் வேண்டுமாம், என்றேன்.
"ஒன்பது வயசிலா?"
பின்னால் வரிசையில் ஒருவர் அகராதியோடு இருமினார்.
விஸ்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.
பிறகு மேசையைப் பார்த்து, மெதுவாக:
"வீட்டில் தம்பி யாராவது பிறந்திருக்கிறானா?"

ஜன்னலைப் பார்த்தேன். பனித்துளி இல்லை.
பிறந்திருக்கிறான், என்றேன். நேற்று.
"வாழ்த்துகள்" என்று முத்திரை குத்தினாள்.
பெயர் கேட்கவில்லை.

அட்டைப் புத்தகம், ஐந்தே தாள்.
ஒரு மூலையை எந்தக் குழந்தையோ கடித்துத் தின்றிருக்கிறது.
கறுப்பு வட்டம். வெள்ளை வட்டம்.
ஒரு பேரிக்காய். அதில் ஒரு ஓட்டை.
ஓட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு கண்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு பையன்
என் அறைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றான்.
புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினேன்.
பேரிக்காயைக் காட்டி ஏதோ சொன்னான், கேட்கவில்லை.
தாளைப் புரட்டினேன். கண் வந்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
முதலிலிருந்து, என்று விரலால் காட்டினான்.
நான்கு முறை.

மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.