பூஜ்யம் கிலோ

கோயம்புத்தூரிலிருந்து வந்த நால்வரும்
கட்டபெட்டு ஆலையின் கணக்கறையில்
கேக் வெட்டிய அன்று
ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.
'திட்டம் நிறைவு' என்ற தாளில்
மேலாளர் கையெழுத்திட்டார்.
சாட்சி நான்.
கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிய அவசரத்தில்
மிச்ச கேக்கைத்
தராசின் மேலேயே வைத்துப் போனார்கள்.
அறுநூற்று நாற்பது கிராம்.
மென்பொருள் பதிந்த முதல் கொழுந்து அதுதான்.

ஆறு ஐம்பதுக்கு போன் அடித்தது.
எண் 0001, ஹாலா கவுடர்:
"நான் இன்னிக்குப் பறிக்கவே இல்லையேம்மா?"

அவர்கள் முடித்த இடத்தில்
என் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி.

அப்புறம்
ஒன்று புள்ளி இரண்டில் ஈரக்கழிவு சேர்ந்தது.
இரண்டில் விலை சேர்ந்தது, சண்டையும்.
மூன்றில் பச்சை நீலமானது,
ஏனென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
புதிதாக ஏதாவது கிள்ளிக் கொடுத்துவிடுவார்கள்.
கொழுந்துக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.
செடியிடம் மட்டும் இன்னொரு கணக்கு உண்டு:
ஐந்து வருடத்துக்கொரு கவாத்து.
இலையே இல்லாமல் குச்சியாய் நிற்கும் அந்த மாதங்களிலும்
களை எடுக்க ஆள் போயாக வேண்டும்.

ஜூலையில் டவர் சாய்ந்து
நான்கு நாள் சிக்னல் இல்லை.
மென்பொருளுக்கு ஒரு குறையும் இல்லை,
கணினிக்குள் சௌக்கியமாக இருந்தது.
அந்த நான்கு நாளும் சேவை என்றால்
ஒரு கார்பன் தாள்,
வேன் ஓட்டும் பெனடிக்ட்,
கம்பி வளைந்த அவருடைய குடை.

இந்தத் தை மாதம்
ஹாலா கவுடர் நிலத்தை விற்றுவிட்டார்.
செடிகளைப் பிடுங்கி
விடுதிக்கு வானம் தோண்டுகிறார்கள்.
வேன் அந்தத் திருப்பத்தில் நிற்பதில்லை.
ஆனாலும் தினமும் ஆறு ஐம்பதுக்கு
அவருக்குப் போகிறது:
'இன்று 0 கிலோ. நன்றி.'

தேடிப் பார்த்தேன்.
சேர்க்க ஒரு பொத்தான்,
திருத்த ஒரு பொத்தான்.
விலக இல்லை.
நால்வரில் ஒருவர்தான் இன்னும் அந்த நிறுவனத்தில்.
"நீங்க கேட்கலையே மேடம்,
தேவைப் பட்டியல்ல இல்லையே."
உண்மைதான்.
கேக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு
போகிறவர்களைப் பற்றி யார் யோசித்தோம்?

மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டிலிருந்து
நேற்று அவரே கூப்பிட்டார்:
"தினமும் எதுக்கும்மா பூஜ்யம்?
நான் வேலையில்லாம உக்காந்திருக்கேன்னு
மருமகனுக்குக் காட்டவா?"

பதிப்பு ஐந்துக்கான தாளில் எழுதியிருக்கிறேன்:
விலகுபவருக்கு ஒரு வழி வேண்டும்.
கடைசிச் செய்தி மட்டும் வேறாக இருக்க வேண்டும்.
என்ன வாசகம் என்று கேட்கிறார்கள்.
தமிழில் எழுபது எழுத்துக்குள் அடங்க வேண்டுமாம்.
மூன்று முறை எழுதி அழித்தாயிற்று.
ஒன்றில் நன்றி அதிகம்,
ஒன்று இரங்கல் மாதிரி,
மூன்றாவது எண்பத்திரண்டு எழுத்து.

மணி ஆறு ஐம்பது.
ஒரு பூஜ்யம்
மலை இறங்குகிறது.