நான்கு கிராமும் கொஞ்சமும்

க்ரெம்னிட்சாவுக்குப் பிப்ரவரியில்
தபால் பை கனத்தே வரும்.
பனிக்குப் பயந்து வீட்டோடு கிடப்பவர்கள்
மேசை இழுப்பறைகளைக் கிளறி
அகப்பட்ட காசையெல்லாம் பஞ்சில் சுற்றி
என் பெயருக்கு அனுப்பிவைக்கிறார்கள்.
எல்லோருக்கும் ஒரே ஆசைதான்:
தப்பு அச்சுச்சாலையுடையதாக இருக்கட்டும்,
நம்முடையதாக இருக்க வேண்டாம்.

முதலில் மேடா பள்ளமா என்று பார்ப்பேன்.
அச்சு விரிந்திருந்தால்
அடி விழும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும்;
காசில் அது மயிரிழை மேடாக ஓடும்.
கீறல் என்றால் பள்ளம்.
கிழித்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கரையிலேயே ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும் ஆணி.

ஓரம் கடிபட்ட காசு வந்தால்
கடியை அல்ல, அதற்கு நேர் எதிரே பார்ப்பேன்.
எதிர் விளிம்பும் சோர்ந்திருந்தால் பிறவிக் குறை.
திடமாக நின்றால்
யாரோ ஞாயிற்றுக்கிழமை அரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

மார்ட்டினிலிருந்து ஒரு சலவைக்கடைக்காரர்
துணி உலர்த்தும் யந்திரத்துக்குள் சிக்கிக்கிடந்ததை அனுப்பினார்.
விளிம்பு சுருண்டு, எழுத்தெல்லாம் உள்ளே நசுங்கி.
உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்.
அதில் பொய்யில்லை.
சேதம் என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
பிழை. சேதம். ஒட்டுப் பொருள்.
ஷெல்மீரா அவற்றை
மச்சம், தழும்பு, அழுக்கு என்பாள்.

உறை நாற்பத்தொன்று.
ப்ரெஸ்னோ, பொஹுமில் க்ரைன்யாக்.
எழுபதாம் வருடத்து ஒரு கொருனா.
ஒரு நாடும் அதற்குப் பின் ஒரு பணமும்
முடிந்தபிறகு மிஞ்சிய செல்லாக்காசு.
மண்டியிட்டுக் கன்று நடுகிறாளே,
அவள் முதுகில் ஒரு புடைப்பு.
"குழந்தையைச் சுமக்கிறாள் பாருங்கள்" என்கிறது கடிதம்,
"அச்சுச்சாலை மறைத்த வேறொரு படமோ?
கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், விலை சொல்லுங்கள்."

தராசில் நான்கு கிராமும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சம்தான் காட்டிக்கொடுத்தது.
அச்சு எவ்வளவு தடுமாறினாலும்
வில்லையில் இல்லாத எடையை அதனால் தர முடியாது.

அசிட்டோனில் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது குழந்தை இளகியிருந்தது.
பல்குத்தும் குச்சியால் தொட்டதும் முழுதாகக் கழன்றது.
பழுப்புப் பசை; அதில் பதிந்து, உருப்பெருக்கியின் கீழ்,
வார்னிஷ் பூசிய மரநார் இரண்டு.

மூன்றாம் கட்டத்தில் குறி போட்டு
கடிதத்தை மடிக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"வீட்டோடு வந்த சுவர்க்கடிகாரத்துக்கடியில் கிடந்தது.
யார் பையிலிருந்து விழுந்ததோ.
கடிகாரமும் அந்த வாரத்திலிருந்து
நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது.
ஒரே நேரத்தில் எல்லாம் பழசாகிறது, அம்மா."

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
எவரோ, பெயர் தெரியாத பழைய குடித்தனக்காரர்,
பெண்டுலத்தின் மரத்தண்டில்
குண்டுக்குச் சற்று மேலே, இந்தக் காசை ஒட்டி
ஒரு வீட்டின் காலையை ரயிலோடு சேர்த்துவைத்திருக்கிறார்.
அரை நூற்றாண்டாக அது வேலை பார்த்திருக்கிறது,
செல்லாமல் போன பிறகும்.

இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
'பிழையல்ல. ஓட்டுக்கு உதவாது.
தண்டில் பசைத் தடம் இன்னும் இருக்கும், தேடுங்கள்,
அங்கேயே திரும்ப ஒட்டுங்கள்.'

கட்டண ரசீதைக் கிழித்துப்போட்டேன்.
நாணயமாகச் சொல்வதென்றால்
இன்னொன்றும் எழுதியிருக்க வேண்டும்:
அந்தக் கொஞ்சத்தை நான் கழுவிவிட்டேன்.
புதுப் பசை எவ்வளவு எடை இருக்கும், யார் கண்டது?
இனி அந்தக் கடிகாரம்
நாளுக்கு ஒரு நொடி முன்னே பின்னே போனால்
பொஹுமில், அது சேதமும் அல்ல, அழுக்கும் அல்ல.