முறைப்பாத்தியம்

காங்கயம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசையில்
பத்தொன்பது வருசமாய்ப் பாகப்பத்திரம் எழுதுகிறேன்.
தென்னைக்கு எண்ணிக்கை, வண்டித்தடத்துக்கு அகலம்,
கிணத்துக்குப் பாத்தியம்.
எதற்கும் என்னிடம் ஒரு சொல் இருக்கும்.

இன்று தட்டு வந்தது.

இங்கிலாந்துப் பீங்கான். நீலக்கொடி.
மயிரிழையாய்த் தங்க விளிம்பு.
வால்பாறை எஸ்டேட்டைக் காலி செய்து
கப்பலேறிய துரையிடம்
ஒரு ஜோடி வண்டிமாடு விற்ற காசில்
இவர்கள் அப்பாரு வாங்கியது.
கண்ணாடி பீரோவை விட்டு வெளியே வந்தது
மொத்தம் மூன்று தடவை.
இரண்டாம் தடவை ஒன்று உடைந்தது.

மிச்சம் இருபத்துமூன்று.
நாச்சிமுத்து, ராக்கியப்பன், பாவாத்தாள்
என்று வாரிசு மூன்று பேர்.
எட்டு, எட்டு, ஏழு என்று எழுதினால்
ஏழுக்காரர் கையெழுத்துப் போடமாட்டார்.
மூடி போட்ட குழம்புக் கிண்ணம் வேறு,
ஒன்றே ஒன்று.

கோயமுத்தூரிலிருந்து விலை மதிக்க ஒருத்தர் வந்தார்.
தட்டைக் கவிழ்த்து
அடியில் இருந்த முத்திரையை
மச்சம் பார்ப்பதுபோல் பார்த்தார்.
நகத்தால் சுண்டினார்.
கோயில்மாட்டுக் கழுத்துமணியாய் ஒரு சத்தம்,
அது அடங்கும்வரை யாரும் பேசவில்லை.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
பின்னால் இருந்த அவர் விரல் நாலும்
தட்டுக்குள் தெரிந்தன.

"செட்டா குடுத்தா ஒரு விலை.
பிரிச்சா, தட்டு விலைதானுங்க."

"அப்ப வித்துப்போட்டுக் காசாப் பிரிச்சுக்கலாமுங்"
என்றார் ராக்கியப்பன்.
நானும் அடிக்கக் கோடு இழுத்துவிட்டேன்.

இத்தனை வெள்ளை எப்படி என்று
பாவாத்தாள்தான் கேட்டாள்.
"பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பலுங்கம்மா.
களிமண் மட்டும்னா இப்படி வராது."

தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.
கண்ணபுரம் சந்தைக்கு மூன்று தலைமுறையாய்க்
காளை ஓட்டிப்போகிற குடும்பம்.
ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ராக்கியப்பன் சிரித்தார்:
"அப்பாரு மாட்டை வித்து
மாட்டையேதான் ஓட்டிட்டு வந்திருக்காரு."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.
"எங்க பட்டியில
அடிமாட்டுக்குன்னு ஒண்ணும் குடுத்ததில்லைங்க"
என்றார் மதிக்க வந்தவரிடம்.
அவர் பையைத் தூக்கிக்கொண்டு
ஐந்தே காலுக்கு பஸ் என்றார்.

பாவாத்தாள் மறுபடி ஒரு தட்டை எடுத்தாள்.
எந்தச் சீமைப் புல் தின்ற மாடோ,
கனமே இல்லை என்றாள்.
நீலக்கொடியை ஒட்டி இருந்த தூசியை
முந்தானையால் துடைத்தாள்.

நாற்பத்தோராம் அயிட்டத்தை அடித்துவிட்டு,
கிணத்துக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன்:

மேற்படி தட்டுகள் இருபத்துமூன்றும்
மூடிக்கிண்ணம் ஒன்றும்
பிரிபடாமல் பொதுவில் நின்று,
நாலு மாதத்துக்கு ஒரு பங்குதாரர் வீதம்
முறை வைத்து அனுபவித்துக்கொள்வது.

படித்துக் காட்டினேன்.
மூன்று பேரும் தலையாட்டினார்கள்.
பேனாவை வாங்கிய பாவாத்தாள் கேட்டாள்:

"ஏனுங், முறை வர்றப்ப
அதுல சோறு திங்கலாமுங்களா?"

அதற்கு என்னிடம் சொல் இல்லை.
'அனுபவித்து' என்றே விட்டுவிட்டேன்.